பாக் விரிகுடா: முதலில் மாற வேண்டியது எல்லைக்கோடா, இழுவைமடியா?

ராமேஸ்வரத்து விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும்: திங்கள், புதன், சனி. மீதி நாலு நாள் நாட்டுப்படகுகளுக்கு. எழுபதுகளின் கடைசியில் இரு தரப்பும் கடலில் மோதிக்கொண்ட பிறகு வந்த ஏற்பாடு இது. இந்தக் கிழமைக் கணக்கு யாழ்ப்பாணத்து மீனவருக்கும் மனப்பாடம். அந்த இரவுகளில் வலை விட்டால், எல்லை தாண்டி வரும் விசைப்படகுகளின் இழுவைமடி, அதாவது கடலடியை வாரி இழுக்கும் பெரிய வலை, அதைக் கிழித்துவிடும், விடியும்போது வலை மிஞ்சாது என்று பலர் தொழிலுக்கே இறங்குவதில்லை. ராமேஸ்வரம் துறைமுகத்தில் கடலுக்குப் போக டோக்கன் என்ற அனுமதிச் சீட்டு கொடுக்கும் நாளைப் பார்த்து நெடுந்தீவிலும் காரைநகரிலும் படகு கரையில் கிடக்கிறது.

இதற்கு என்னதான் வழி என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். கச்சத்தீவை மீட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பார் ஒருவர். உரிமம் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டு விடலாமே என்பார் இன்னொருவர். கடலுக்குப் போகும் நாட்களைப் பங்கு போடலாம், ஆழ்கடலுக்கு அனுப்பலாம், இரு நாட்டுக்கும் பொதுவாக ஒரு நிர்வாகம் வைக்கலாம், பிடித்து உள்ளே போட்டால் தானாக அடங்கும். இவை எல்லாமே ஏதோ ஒரு கட்டத்தில் மேசைக்கு வந்தவை, சில பாதி நடைமுறைக்கும் வந்தவை. நான் இவற்றை இரண்டே கேள்விகளால் அளந்து பார்க்கிறேன். இந்த வழியில் போனால் பாக் விரிகுடாவில் இழுவைமடி குறையுமா? கூலிப் பங்குக்குப் படகேறுகிறவர் வீட்டில் அடுப்பு எரியுமா?

ஏன் இழுவைமடியைப் பிடித்துத் தொங்குகிறேன் என்பதற்குக் கடலின் ஆழத்தைச் சொல்ல வேண்டும். பாக் விரிகுடா கடல் என்ற பெயருக்குத்தான் கடல். சராசரி ஆழம் பத்து மீட்டருக்கும் குறைவு. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. அடியில் கடல்புல் படுகைகள்; இறாலும் நண்டும் குஞ்சு பொரித்து வளரும் இடம், கடல்பசு மேயும் இடம். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழ்நாடு அரசு 2022-இல் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததும் அதனால்தான். இவ்வளவு ஆழமில்லாத நீரில் இரும்புச் சங்கிலியும் பலகையும் கட்டிய மடியை இரவு முழுக்க இழுத்தால் அடித்தளம் உழுத வயல் மாதிரி ஆகிவிடும். மேலே வருவதில் இறால் கொஞ்சம், கணவாய், நண்டு கொஞ்சம். மிச்சமெல்லாம் சங்காயம், அதாவது கோழித்தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் போகும் கழிவுமீன். நாளைக்குப் பெரிதாக வேண்டிய குஞ்சுகள் அதில் நிறைய.

இந்த மடியைக் கொண்டுவந்தது மீனவர் இல்லை, அரசு. அறுபதுகளில் இறால் ஏற்றுமதிக்காக மானியம் கொடுத்து விசைப்படகு வாங்க வைத்தார்கள். பிறகு 1983 முதல் 2009 வரை இலங்கையில் போர். வடக்கில் மீன்பிடித் தடை, கடற்படைக் கட்டுப்பாடு, இடப்பெயர்வு. அந்தக் கரையில் படகே இறங்காத காலத்தில் இந்தக் கரையின் இழுவைப் படகுகள் விரிகுடா முழுவதையும் தங்கள் மீன்பிடி இடமாகப் பழகிக்கொண்டன. போர் முடிந்து யாழ்ப்பாணத்து மீனவர் கண்ணாடியிழைப் படகும் செவுள்வலையுமாகத் திரும்பி வந்தபோது, கடல் ஏற்கெனவே ஆள் நிறைந்து கிடந்தது. இரண்டு பக்கமும் தமிழர், பலர் ஒரே சாதி, ஒரே சாமி, கொள்வினை கொடுப்பினை இருந்த குடும்பங்கள். அதனால்தான் இந்தச் சண்டையைச் சிங்களக் கடற்படைக்கும் தமிழ் மீனவருக்கும் நடக்கும் சண்டையாக மட்டும் சொல்லிவிட்டு நகரும்போது யாழ்ப்பாணத்தில் வயிறெரிகிறது.

சரி, கச்சத்தீவு. மேடையில் அதிகம் கைதட்டு வாங்கும் வழி என்பதால் இதை முதலில் பார்த்துவிடலாம். 285 ஏக்கர் தீவு, குடிதண்ணீர் கிடையாது, ஒரு அந்தோணியார் கோயில். 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கடல் எல்லைக்கோடு அதற்கு ஏறத்தாழ ஒரு மைல் மேற்கே போடப்பட்டது, தீவு இலங்கைப் பக்கம் போயிற்று. அந்த ஒப்பந்தத்தின் 5-ஆவது பிரிவு, இந்திய மீனவரும் யாத்ரீகரும் விசா இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. 6-ஆவது பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் ஒருவர் கடலில் மற்றவர் மரபாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடரலாம் என்கிறது. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடா எல்லை வரையப்பட்டபோது இரு நாட்டுச் செயலர்களும் எழுதிக்கொண்ட கடிதம், வெளிப்படையான அனுமதியின்றி யாரும் அடுத்தவர் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று முடித்துவிட்டது. தமிழ்நாட்டின் ஒப்புதல் கேட்கப்படவில்லை என்ற கோபம் நியாயமானது. தீவை மீட்கச் சொல்லிச் சட்டமன்றம் 2025 ஏப்ரல் 2 அன்று மறுபடி தீர்மானம் போட்டதற்கும் அந்தக் கோபம்தான் காரணம். ஆனால் 2014-இல் உச்ச நீதிமன்றத்தில் இந்திய அரசின் தலைமை வழக்கறிஞரே, தீவைத் திரும்ப எடுக்க வேண்டுமானால் போருக்குத்தான் போக வேண்டும் என்ற பொருளில் பேசினார்.

ஒரு பேச்சுக்குத் தீவு நாளைக்கே கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எல்லைக்கோடு சில மைல் கிழக்கே நகரும். படகுகள் பிடிபடுவது எங்கே என்று செய்தித்தாளைப் புரட்டினால் நெடுந்தீவு, காரைநகர், பருத்தித்துறை, தெற்கே தலைமன்னார் என்றுதான் வரும். இறால் அங்கேதான் இருக்கிறது. எல்லைக்கோடு நகர்ந்த பிறகும் அங்கேதான் இருக்கும். முதல் கேள்விக்கு இந்த வழியில் பதிலே இல்லை.

அதைவிட வலுவான வாதம் ‘பாரம்பரிய உரிமை’. தீவு யாருக்கு வேண்டுமானாலும் இருக்கட்டும், தாத்தா காலத்திலிருந்து பிடித்த கடலில் பிடிக்க விடுங்கள் என்பது. உலகத்தில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. செங்கடலில் ஹானிஷ் தீவுகளுக்காக எரித்ரியாவும் யேமனும் மோதிக்கொண்டு நடுவர் மன்றத்துக்குப் போயின. 1998-இல் முக்கியத் தீவுகள் யேமனுக்கு என்று தீர்ப்பு வந்தது. கூடவே, இரு கரை மீனவரும் அந்த நீரில் மரபுப்படி மீன்பிடிப்பது தொடர வேண்டும் என்றும் மன்றம் சொன்னது. 1999-இல் வந்த இரண்டாம் தீர்ப்பில் அந்த உரிமை கைத்தொழில் அளவிலான மீன்பிடிப்புக்குத்தான், பெரிய வணிக மீன்பிடிப்புக்குச் செல்லாது என்று தெளிவாக்கியது. ஆஸ்திரேலியாவும் பப்புவா நியூ கினியும் 1978-இல் கையெழுத்திட்ட டோரஸ் நீரிணை ஒப்பந்தமும் இந்த வகைதான்: கரைவாசிகள் மரபு மீன்பிடிப்புக்கு எல்லை தாண்டிப் போய்வரலாம், வணிக மீன்பிடிப்புக்குத் தனிக் கணக்கு. பாம்பன் நாட்டுப்படகுக்காரர் இந்த வாதத்தை எந்த மன்றத்திலும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லலாம். இழுவைப் படகின் முதலாளி சொன்னால் நிற்காது. தாத்தா காலத்தில் இழுவைமடி ஏது?

அடுத்தது உரிமம். காசு கட்டிவிட்டு இத்தனை படகு, இத்தனை நாள் என்று போவது. இதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, இதே இரண்டு நாடுகள் ஒருமுறை செய்திருக்கின்றன. கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பாங்க் என்ற மீன்பிடித் திட்டு இந்தியாவின் பொருளாதார மண்டலத்துக்குள் வந்தபோது, அங்கே காலங்காலமாகப் பிடித்த இலங்கைக் கப்பல்கள் மூன்று ஆண்டு தொடரலாம் என்று 1976-இல் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார்கள். ஆறு கப்பலுக்கு மேல் கூடாது, ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மேல் கூடாது. அது முடிந்தபிறகு ஐந்து ஆண்டுகளுக்கு, பேசிய விலையில், ஆண்டுக்கு 2,000 டன் மீனை இந்தியா தர ஒத்துக்கொண்டது. கப்பல் எண்ணிக்கை, டன் கணக்கு, முடியும் தேதி, முடிந்தபின் இழப்புக்கு ஈடு எல்லாம் அந்தக் கடிதத்திலேயே இருந்தன. இன்று பாக் விரிகுடாவுக்குப் பேசுகிறவர்கள் யாரும் இந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டுவதில்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

உரிமம் என்ற யோசனை 2023-இலும் கொழும்பில் எழுந்தது. வடக்கு மீனவர் சங்கங்கள் உடனே எதிர்த்தன. அவர்கள் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. ஆறு கப்பலை எண்ணலாம்; இரவில் வரும் நூற்றுக்கணக்கான படகில் எது உரிமம் பெற்றது, எது பெறாதது என்று யார் எண்ணுவது? அதோடு, இலங்கை 2017-இல் தன் சொந்த மீனவருக்கே இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. உள்ளூர்க்காரர் செய்தால் குற்றம், வெளியூர்க்காரர் காசு கட்டினால் சரி என்று எந்த அமைச்சராலும் யாழ்ப்பாணத்தில் போய்ச் சொல்ல முடியாது. ஆக, உரிமம் என்பது செவுள்வலை, தூண்டில் போன்ற தொழிலுக்கு மட்டுமே சாத்தியம். கட்டணமும் கொழும்புக் கருவூலத்தில் கரையாமல் வடக்கின் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் போனால், இன்று எதிர்க்கும் சங்கம் நாளைக்குப் பேச்சுக்காவது உட்காரும்.

நாள் பங்கீட்டை அரசுகளைவிட மீனவர்களே நன்றாகப் பேசினார்கள். 2010 ஆகஸ்டில் இலங்கை வடபகுதி மீனவர் குழு சென்னைக்கு வந்தது. ஓராண்டுக்குள் இலங்கைக் கடலில் இழுவைமடியை நிறுத்திவிடுவது, அதுவரை ஆண்டுக்கு 70 நாள் மட்டும் வருவது என்று இந்தப் பக்கம் இறங்கிவந்தது. அடித்துக்கொண்ட இரண்டு தரப்பும் நேருக்கு நேர் உட்கார்ந்து எட்டிய உடன்பாடு அது. இரண்டு அரசும் அதற்கு முத்திரை குத்தவில்லை, அது காற்றில் போயிற்று. 2015 மார்ச்சில் மறுபடி சென்னையில் பேச்சு. இந்த முறை இந்தியத் தரப்பு கேட்டது மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 83 நாள். ஓராண்டு மூன்றாகவும் எழுபது எண்பத்து மூன்றாகவும் வளர்ந்ததைப் பார்த்து எதிர்த்தரப்பு கையை விரித்துவிட்டது. எனக்கென்னவோ இந்த வரலாற்றில் தவறவிட்ட பேருந்து 2010-தான். அன்று சென்னையோ தில்லியோ ஒரு தேதியையும் ஒரு தொகையையும் சேர்த்துப் போட்டிருந்தால் போதும்.

நாள் பங்கீடு மட்டும் தனியாக நின்றால் என்ன ஆகும்? மடி அப்படியே இருக்கும், கிழமை மட்டும் மாறும். இழுவைப் படகு 70 நாள் உழுத இடத்தில் மிச்ச நாளில் செவுள்வலைக்கு என்ன கிடைக்கப் போகிறது? வடிகாலாக இது நல்லது, தீர்வாக இல்லை.

கூட்டு நிர்வாகம் என்று பேசுகிறவர்கள் நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே உள்ள பேரண்ட்ஸ் கடலைக் காட்டுவார்கள். நார்வேயும் சோவியத் ரஷ்யாவும் பனிப்போர் நடுவில், 1976-இலிருந்து, ஒரே ஆணையத்தில் உட்கார்ந்து காட் மீனை ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். இவ்வளவுக்கும் கடல் எல்லையே 2010-இல்தான் ஒப்பந்தமானது. ஆணையம் 2013-க்கு பத்து லட்சம் டன் என்று ஒதுக்கியது. மீன் குறைந்ததும் 2025-க்கு 3,40,000 டன்னாக வெட்டியது. உக்ரைன் போருக்குப் பிறகும் ஒதுக்கீடு பேசுவதை நிறுத்தவில்லை. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அங்கே பெரும்பாலும் ஒரே மீன், பெரிய கப்பல், எடை போடும் துறைமுகம். இங்கே ஒரே மடியில் ஐம்பது வகை மீன் வருகிறது, ஏலக் கூடையில்தான் கணக்கு. டன்னைப் பங்குபோட முதலில் டன்னை அளக்க வேண்டும். இந்தியாவும் இலங்கையும் 2016 கடைசியில் அமைத்த கூட்டுப் பணிக்குழு அவ்வப்போது கூடுகிறது, அறிக்கை விடுகிறது, கலைகிறது. அதில் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உண்மையான அதிகாரம் இல்லாதவரை அது தேநீர்க் கூட்டம்தான். பாக் விரிகுடாவுக்கு என்று தனி ஆணையம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்தில்லை. இழுவைமடி ஓடிக்கொண்டிருக்கும்போது அது எதை நிர்வகிக்கும் என்பதுதான் கேள்வி.

எனக்குப் பேரண்ட்ஸைவிட டோங்கின் வளைகுடா நெருக்கமாகப் படுகிறது. சீனாவும் வியட்நாமும் 2000-இல் எல்லையையும் மீன்பிடி ஏற்பாட்டையும் ஒன்றாகவே கையெழுத்திட்டன, 2004-இல் அமலுக்கு வந்தது. நடுவில் ஒரு பொது மீன்பிடி மண்டலம், அதற்கு வடக்கே ஓர் இடைக்கால மண்டலம். அந்த இடைக்கால மண்டலத்தில் நான்கு ஆண்டு அவகாசம், ஆண்டுக்குக் கால்வாசி படகுகளாகக் குறைத்து ஐந்தாம் ஆண்டில் அவரவர் கடலுக்குத் திரும்புவது. ஒப்பந்தம் 2020-இல் காலாவதியானது; தென்சீனக் கடலின் மற்ற பகுதிகளில் அவர்கள் அடித்துக்கொள்வது வேறு கதை. எனக்கு வேண்டியது அந்தக் கால்வாசிக் கணக்குதான்.

கைது, பறிமுதல் என்ற வழிதான் இப்போது நடப்பில் இருக்கிறது. 2024-இல் மட்டும் 500-க்கு மேற்பட்ட இந்திய மீனவர் இலங்கையில் கைதானார்கள். மோதலில் உயிர்களும் போயின: 2024 ஆகஸ்டில் ராமேஸ்வரத்து மீனவர் ஒருவர், அதற்கு முன் ஜூனில் படகைப் பிடிக்கப்போன இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர். இரண்டாம் முறை பிடிபட்டவர்களுக்குச் சிறைத்தண்டனை என்று வந்தபோது, 2024 பிப்ரவரியில் ராமேஸ்வரம் கச்சத்தீவுத் திருவிழாவையே புறக்கணித்தது. படகைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்வது முதலாளியைத் தாக்குகிறது என்பது உண்மை. சில குடும்பங்கள் தொழிலை விட்டே போயின. ஆனால் சிறையில் உட்காருவது படகில் கூலிக்குப் போனவர். முதலாளி பெரும்பாலும் கரையில் இருக்கிறார். அவருக்குக் கடன் தவணை இருக்கிறது, அதனால் அடுத்த படகு போகிறது.

ஆழ்கடல் திட்டம் காகிதத்தில் நல்ல திட்டம். 2017 ஜூலையில் ராமேஸ்வரத்தில் தொடங்கப்பட்டது. மூன்று ஆண்டில் 2,000 இழுவைப் படகுகளை ஒழித்து, சூரை மீன் பிடிக்கும் ஆழ்கடல் படகு தருவது. படகுக்கு 80 லட்சம், மொத்தம் 1,600 கோடி. மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20, மீனவர் கையிலிருந்து 10. முதல் ஐந்தாறு ஆண்டில் கைமாறிய படகுகள் நூறைக்கூடத் தொடவில்லை.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ராமேஸ்வரத்தில் தொழில் என்பது காலையில் டோக்கன் போட்டுப் போய் மறுநாள் விடியலில் கரையேறுவது. சூரைத் தொழில் என்பது வாரக்கணக்கில் கடலில் கிடப்பது. அதற்குப் பிறந்து வளர்ந்தவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்துக்காரர்கள்; அந்தக் கையும் பொறுமையும் பயிற்சி முகாமில் பத்து நாளில் வந்துவிடாது. பாக் விரிகுடாவிலிருந்து ஆழத்துக்குப் போகப் பாம்பனைத் தாண்டி மன்னார் வளைகுடாவுக்கோ வடக்கே வங்கக்கடலுக்கோ சுற்ற வேண்டும், டீசல் அங்கேயே கரைகிறது. அப்புறம் அந்தக் கையிருப்புப் பத்து சதவீதமும் கடனும். எட்டு லட்சத்தைப் புரட்டி, இன்னும் பதினாறு லட்சம் கடன் சுமந்து, தெரியாத தொழிலில் இறங்க எத்தனை பேர் துணிவார்கள்? துணிந்தவர்களைப் பாராட்டுகிறேன். ஆனால் 2,000 பேரையும் சூரை மீனவர் ஆக்க நினைத்தது, தில்லியில் உட்கார்ந்து போட்ட கணக்கு.

எனவே நான் தேர்ந்தெடுப்பது யாரும் மேடையில் உரக்கச் சொல்லாத வழி: படகுக்குப் பதில் படகு என்று பிடிவாதம் பிடிக்காமல், இழுவைப் படகையும் அதன் உரிமத்தையும் அரசே ரொக்கம் கொடுத்து வாங்கி உடைத்துவிடுவது. பணம் வாங்கியவர் ஆழ்கடலுக்குப் போகட்டும், செவுள்வலைக்கு மாறட்டும், மளிகைக்கடை வைக்கட்டும், அது அவர் பாடு. 1,600 கோடியை ஒதுக்க முடிந்த அரசுகளுக்கு இது புதுச் செலவும் இல்லை.

இதில் எல்லோரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. திட்டம் படகு உரிமையாளர் பெயரில் ஓடுகிறது. ஒரு படகில் ஐந்து பேர் என்று வைத்தாலும் 2,000 படகுக்குப் பத்தாயிரம் பேர் கூலிப் பங்குக்குப் போகிறவர்கள். படகு உடைந்த மறுநாள் அவர்களுக்கு என்ன? மண்டபம் பக்கம் பெண்கள் கடல்பாசி வளர்க்கிறார்கள், கூண்டில் மீன் வளர்க்கிறார்கள். நல்லதுதான், பத்தாயிரம் பேரைத் தாங்காது. படகுத் தொகையில் ஒரு பங்கு கூலியாளின் வங்கிக் கணக்குக்கு நேரே போக வேண்டும். யார் யார் எந்தப் படகில் போகிறார்கள் என்பது டோக்கன் பதிவில் ஏற்கெனவே இருக்கிறது. முதலாளி கைவழியாகக் கொடுத்தால் வந்து சேராது என்பது துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் தெரியும்.

மற்ற வழிகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, வரிசையை மாற்றச் சொல்கிறேன். இழுவைமடி குறையத் தொடங்கினால் நாள் பங்கீட்டைப் பேச யாழ்ப்பாணம் வரும், ஏனென்றால் 2010-இல் அவர்கள் வந்தார்கள். மடி ஒழிந்தபின் நாட்டுப்படகுக்கு வாட்ஜ் பாங்க் பாணி உரிமமும் 6-ஆவது பிரிவின் மரபுரிமையும் கேட்கலாம், கேட்பதற்கு முகம் இருக்கும். ஆணையத்துக்கும் அப்போது நிர்வகிக்க ஏதாவது மிஞ்சும். தலைகீழாகப் போனால், முதலில் தீவு, பிறகு உரிமை, கடைசியில் மடி என்றால், இன்னும் ஐம்பது வருடம் தீர்மானம் போட்டுக்கொண்டிருக்கலாம்.

இதில் இலங்கையின் பங்கும் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் எத்தனை படகு உடைந்தது என்று பார்த்து, அதற்கு ஏற்பப் பிடித்து வைத்த படகுகளையும் ஆட்களையும் விடுவிப்பது. தானும் தன் கரையில் 2017 சட்டத்தை ஒழுங்காக அமல்படுத்துவது. வடக்கிலேயே சில இடங்களில் இழுவைமடி இன்னும் ஓடுவதாக அங்குள்ள சங்கங்களே புகார் சொல்கின்றன.

தொடங்குவதற்குத் தோதான காலமும் கையில் இருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. எல்லா இழுவைப் படகும் அப்போது கரையில்தான் நிற்கும்; எண்ணலாம், மதிப்புப் போடலாம், காசோலை எழுதலாம். 2,000 படகு என்றால் டோங்கின் கணக்குப்படி ஆண்டுக்கு 500. முதல் தடைக்காலத்தில் தானாக முன்வருகிற 500 பேருக்கு முழுத் தொகை, இரண்டாம் ஆண்டில் வருகிறவர்களுக்குக் கொஞ்சம் குறைவு, நாலாம் ஆண்டில் இன்னும் குறைவு என்று விலையை இறங்குமுகமாக வைத்தால் வரிசை தானாக நிற்கும். பறிமுதலான படகுகளின் உரிமையாளர்களை அந்த வரிசையில் முதலில் நிறுத்தலாம். அவர்களிடம் உடைக்கப் படகு இல்லை, ஒப்படைக்க உரிமம் இருக்கிறது, கடனும் இருக்கிறது.